காலியாகாத பானையும் நிரம்பாத பானையும்

1

இந்தக் கதை எப்படி என் கைக்கு வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு வேறு யாராவது போட்டுக்கொடுத்து உங்களுக்குத் தெரிவதைவிட அது மரியாதை.

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரசத்துக்குக் காத்திருந்தேன். லியனார்ட் வந்து எதிரே உட்கார்ந்தார். மாதா கோயில் ஆண்டு மலருக்கு அவர்தான் பொறுப்பு.

"அண்ணே, நீங்க எப்பப் பாத்தாலும் கொலையா எழுதுறீங்க. ஒரே ஒரு தடவ பொணம் இல்லாம ஒரு கதை குடுங்கலா. ஆண்டவர் மேல பாரத்தப் போட்டுட்டு, சோத்துக்குக் கவலப்படாம இருக்கணும். அதான் இந்த வருசத் தலைப்பு."

சரி என்றேன். அவர் எழுந்து போய், எனக்கு மோர் வருவதற்குள் ராதாகிருஷ்ணன் வந்து உட்கார்ந்தார். மாரியம்மன் கோயில் திருவிழா மலர்.

"சார், அரிசி பருப்புக்கெல்லாம் பயப்படாத, ஆத்தா பாத்துக்குவான்னு ஒரு கதை வேணும். ரத்தம் வேணாம் சார், கோயில் புஸ்தகம்."

அவருக்கும் சரி என்றேன்.

மலர் இரண்டு, கதை ஒன்று. லியனார்ட் அந்த மலரைப் படிக்கமாட்டார், ராதாகிருஷ்ணன் இந்த மலரைப் படிக்கமாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். [நம்பிக்கைதானே தலைப்பு!]

கதை என் சொந்தச் சரக்கும் இல்லை. கிள்ளானில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னது. நல்ல கட்டத்தில் பாயசம் வந்தது. அவர் இலைப்பக்கம் திரும்பிவிட்டார். கை கழுவிய பிறகு தேடினால் ஆளைக் காணோம். ஆகவே பாயசம் வரைக்கும் அவருடையது, அதற்குப் பிறகு என்னுடையது. முடிவு யாருடையது என்பதைக் கடைசியில் பேசிக்கொள்வோம்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"நள்ளிரவு. மழை. பிரிக்பீல்ட்ஸ் ரயில் பாதையோரம் கறுப்புக் குடை பிடித்த ஓர் உருவம் குனிந்து எதையோ

வேண்டாம். பழக்கதோஷம். இந்தக் கதையில் நடப்பதெல்லாம் பட்டப்பகலில், அரிசி களைகிற நேரத்தில்.

இரண்டாம் முயற்சி:

"வெரோனிகாவின் வீட்டுக்குத் திருடன் வந்தான். எதையும் எடுக்கவில்லை. வைத்துவிட்டுப் போனான்."

இது பரவாயில்லை. வாரப் பத்திரிகை என்றால் இந்த இடத்தில் 'தொடரும்' போட்டு உங்களை ஏழு நாள் காயவிடலாம். மலருக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே மேலே போகிறேன்.

காலம்: உலகம் முழுவதும் ஒரே சமயத்தில் பணம் காணாமல்போன 1930களின் தொடக்கம். இடம்: பிரிக்பீல்ட்ஸில் ஒரு சீன முதலாளிக்குச் சொந்தமான வரிசை வீடுகள். அதில் ஒரு வீட்டில் ரபேல், அவர் மனைவி வெரோனிகா. அடுத்த வீட்டில் தம்புசாமி, அவர் மனைவி சீதாலெட்சுமி. ஆண்கள் இருவருக்கும் ரயில்வே பட்டறையில் வேலை. அதாவது, இருவருக்கும் வேலை இருந்தது. ஆள்குறைப்பு வந்ததில் ரபேலுக்குப் போய்விட்டது. தம்புசாமிக்கு இன்னும் போகவில்லை. அடுத்த குறைப்பில் போகும் என்று பேச்சு.

வேலை போனவர்களை அரசாங்கம் இலவசமாகக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தில் ஏறவேண்டும். பெயர் கொடுக்க அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை வரை கெடு. அதற்குப் பிறகு இலவசக் கப்பல் கிடையாது என்று பெயர் எழுதும் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்.

வெரோனிகாவுக்குப் போகவேண்டும். நாகப்பட்டினத்தில் அவள் அண்ணனுக்கு வீடும் வயலும் உண்டு. ரபேலுக்குப் போக மனமில்லை. காரணம் கேட்டால் மைனாவைக் காட்டுவார்.

3

மைனா விஷயத்தைச் சொல்கிறேன்.

வேலை போன வாரத்து ஞாயிறு, மாதா கோயிலில் சாமியார் பறவைகளைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். அதுகளுக்கு வயல் உண்டா, களஞ்சியம் உண்டா, யாராவது பட்டினியாகத் திரும்பியதுண்டா என்கிற ரீதியில். கேட்டவர்களில் பாதிப்பேர் கண் கலங்கினார்கள், மீதிப்பேர் கண் அயர்ந்தார்கள். ரபேல் ஒருவர்தான் அதை வார்த்தைக்கு வார்த்தை எடுத்துக்கொண்டார். மறுநாள் காலையிலிருந்து வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து மைனாக்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

"வேல தேடிப் போகலையா?"

"காலையில போய்ட்டு வந்துட்டேன். இல்லைன்னாங்க. நாளைக்கும் போவேன். நடுவுல என்னத்துக்குக் கவலப்படணும்?"

"நீங்க படாத கவலையையும் சேத்து நாந்தான் படுறேன்."

"அதுகளப் பாரு வெரோனிகா. அந்தப் பொட்ட மைனா ஆம்பள மைனாவத் திட்டுதா?"

"அதுக்கு அண்ணன் வீடு இருந்தா திட்டும்."

இப்படியே போனால் கதை நகராது. அடுப்படிக்குப் போவோம்.

அந்த நாளில் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிடுவார்கள். பிடியரிசி. சாமிக்கு என்று சேர்ப்பது. திருநாள் வந்ததும் மொத்தமாகக் கோயிலுக்குப் போய்விடும். வெரோனிகாவின் பானை அந்தோணியாருக்கு. ஜூன் மாதத் திருநாள் சோற்றுக்கு. சீதாலெட்சுமியின் பானை மாரியம்மனுக்கு, ஆடிக் கூழுக்கு. அந்த அரிசியில் கைவைப்பது பாவம். கைவைத்ததை வெளியே சொல்வது அதைவிடப் பெரிய பாவம்.

இரண்டு வீட்டு அடுப்படிக்கும் நடுவில் ஒரே சுவர். புகை போக வேண்டுமென்று கூரைக்குக் கீழே இடைவெளி விட்டுக் கட்டியிருந்தார்கள். அகலமான அந்தச் சுவர் உச்சியில்தான் இரண்டு பானைகளும் இருந்தன. இந்தப் பக்கம் வெரோனிகா உரலைக் கவிழ்த்து ஏறிக் கையை உயர்த்துவாள். அந்தப் பக்கம் சீதாலெட்சுமி மண்ணெண்ணெய்த் தகரத்தின்மேல் ஏறுவாள். மேலே ஒரே புகையிருட்டு. பார்க்க முடியாது, தடவத்தான் முடியும்.

[எலி ஏறாதா என்று ஒரு வாசகர் கேட்பார், எனக்குத் தெரியும். அந்தக் காலத்து எலிகளுக்குப் பக்தி இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.]

ஈஸ்டருக்கு முன்பு முதலாளி அனுப்பி வெள்ளையடிக்கக் கன்னையா வந்தார். வரிசை முழுவதும் அடித்தார். சுவர் உச்சியில் இருந்ததை இறக்கி வைத்து, அடித்து முடித்துத் திரும்ப ஏற்றினார். இரண்டு வீட்டிலும் காப்பி கொடுத்தார்கள். கன்னையா குடிக்காமலே போய்விட்டார்.

காப்பியை விட்டுப் போகிற ஆள் இல்லை அவர். அந்தக் காப்பியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். துப்பறியும் கதை எழுதிப் பழகியவன் நான், தடயத்தைக் காட்டாமல் ஏமாற்றுவது எங்கள் தொழிலில் அசிங்கம்.

4

அரிசி டின் காலியான அன்று ஒப்பந்தம் நடந்தது.

"டின்னு காலி" என்று வெரோனிகா வாசலுக்கு வந்து சொன்னாள். "சனிக்கெழமைக்குள்ள பேரு குடுத்துடலாம்."

"அந்தோணியார் பானையில இருக்குல்ல?"

"அது சாமி அரிசி!"

"சாமிக்கு நாம யாரு? வேத்து ஆளா? அவர்கிட்ட கடனா வாங்கிக் கஞ்சி காய்ச்சு. ஆண்டவரு நம்மள இங்கதான் வச்சிருக்கணும்னு நெனச்சா வழி காட்டுவாரு. அந்தப் பானை என்னைக்குக் காலியாகுதோ அன்னைக்கி நானே கோட்டு மாட்டிட்டுப் போய் பேரு குடுக்கிறேன். சத்தியம்."

வெரோனிகாவின் முகத்தில் வேலை போன நாளுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. பானையில் எவ்வளவு கிடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். சிறுகச் சிறுகப் போட்டவளே அவள்தானே. தினம் இரண்டு பிடி எடுத்து, பின்கட்டில் நட்டிருந்த மரவள்ளிக் கிழங்கும் கீரையும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சினால் கெடுவுக்கு ரொம்ப முன்னாலேயே அடி தட்டிவிடும். அப்புறம் கப்பல், அண்ணன் வீடு, முழுச் சோறு.

அந்தோணியாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உரல்மேல் ஏறினாள்.

இந்த இடத்தில் எனக்கு ரபேல்மேல் சந்தேகம் வருகிறது. இவ்வளவு நிம்மதியான மனிதரை நான் பார்த்ததில்லை. என் கதைகளில் இப்படி ஒருவர் வந்தால் அவர்தான் கொலைகாரர். நம்பும்படியாக இருக்கட்டும் என்று முதல் பிரதியில் ஒரு பீடிப் பழக்கம் கொடுத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. இரண்டாம் பிரதியில் ரகசியமாக ஒரு அழுகை கொடுத்தேன். அழுதார். ஆனால் அழுது முடித்துவிட்டு மைனாவுக்குத் தண்ணீர் வைத்தார். அந்த வரியையும் அடித்துவிட்டேன்.

பொறுக்காமல் நானே அவரிடம் கேட்டேன்.

"என்ன ரபேல், கொஞ்சமாவது பயப்படுங்களேன். வாசகர் நம்பமாட்டார்."

"அண்ணே, எனக்கு என்ன வேணும்னு எழுதுற ஒங்களுக்குத் தெரியாதா? நீங்க எழுதுங்க. நான் மைனாவப் பாக்குறேன்."

தூக்கிவாரிப்போட்டது. இந்தக் காகிதத்தில் அவருக்குச் சோறு போடவேண்டியவன் நான்தான். அவர் பாரத்தைப் போட்டது என் தலையில். அன்றிலிருந்து வெரோனிகாவும் நானும் ஒரே கட்சி.

5

பானை காலியாகவில்லை.

முதலில் வெரோனிகா அதைப் பொருட்படுத்தவில்லை. நாம் கணக்கில்லாமல் போட்டிருப்போம் என்று நினைத்தாள். அப்புறம் பிடியைப் பெரிதாக்கினாள். ரபேல் கஞ்சியைப் பார்த்து, "இன்னைக்கிக் கெட்டியா இருக்கே" என்று சந்தோஷப்பட்டார். அவர் சந்தோஷப்பட்டது அவளுக்கு இன்னும் எரிந்தது. காலையில் எடுத்த பள்ளம் சாயந்திரம் தடவினால் மூடியிருந்தது. கையை எவ்வளவு ஆழம் விட்டாலும் மணிக்கட்டுக்கு அரிசி.

ஓர் எளிய பெண் இந்நேரம் முழங்காலில் விழுந்திருப்பாள். வெரோனிகாவும் விழுந்தாள். ஆனால் விழுந்து சொன்னது இது:

"அந்தோணியாரே, காணாமப்போனதக் கண்டுபிடிச்சுக் குடுக்குறவருன்னு ஒம்ம சொல்றாங்க. நான் ஒண்ணும் தொலைக்கலையே! எதுக்குக் குடுத்துக்கிட்டே இருக்கீரு?"

 எழுந்து துப்புத் துலக்க இறங்கினாள். [ஒரு பெண் துப்பறிவாளரை எழுத எனக்கு இருபது வருட ஆசை. அவள் உரல்மேல் ஏறித் துப்பறிவாள் என்று நான் நினைக்கவில்லை.]

சந்தேகத்துக்குரிய முதல் ஆள் ரபேல். காலையில் வேலை தேடிப்போவதாகச் சொல்லிவிட்டு எங்கேயாவது அரிசி வாங்கிவந்து ரகசியமாகக் கொட்டுகிறாரா? ஒருநாள் அவர் சட்டைப் பை, கோட்டுப் பை எல்லாவற்றையும் உதறினாள். மைனா இறகு ஒன்று விழுந்தது. அவ்வளவுதான்.

அடுத்து, அரிசியின் மேல் விரலால் ஒரு சிலுவைக் கோடு கிழித்து வைத்தாள். ஆண்டவர் வேலை என்றால் சிலுவையைக் கலைக்காமல் போடுவார் அல்லவா? சாயந்திரம் தடவிப் பார்த்தாள். சிலுவை இல்லை. விரலை மூக்கருகே கொண்டுவந்தாள்.

மஞ்சள் வாசனை.

அந்தோணியார் மஞ்சள் பூசுவதாக அவள் கேள்விப்பட்டதில்லை.

6

இது வெள்ளிக்கிழமை. மறுநாள் கெடு.

நடுக்காலை. ரபேல் வாசலில். வெரோனிகா உரல்மேல் ஏறி, கையைப் பானைக்குள் விட்டு, எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். காத்திருந்தாள். கால் கடுத்தது. கை மரத்தது. அந்தப் பக்கம் அடுப்பில் ஏதோ தாளிக்கும் ஓசை கேட்டது. பிறகு தகரம் கிறீச்சிட்டது. வளையல் குலுங்கியது.

பானைக்குள் இன்னொரு கை இறங்கியது.

வெரோனிகா பிடித்துவிட்டாள்.

"ஆத்தா!"

சுவருக்கு அந்தப் பக்கம் எழுந்த அலறலில் வாசல் மைனாக்கள் மொத்தமும் பறந்தன. வெரோனிகா பயந்து பிடியைத் தளர்த்தினாள். அந்தக் கை ஓடவில்லை. அது திரும்ப இவள் விரல்களைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

"ஆத்தா... வந்துட்டியா! நெனச்சேன். நாள் தவறாம போடுறேன், பானை நெறையவே மாட்டேங்குதே, ஆடி வர்றவரைக்கும் பொறுக்காம ஆத்தாவே வந்து சாப்புடுறா போலன்னு நெனச்சேன். சாப்புடு தாயே. நல்லாச் சாப்புடு. நீ சாப்புடுற வரைக்கும் என் வீட்டுக்காரரு வேல போவாதுன்னு நான் ஒங்கிட்ட வேண்டிக்கிட்டேன், ஞாபகம் இருக்குல்ல? நிறுத்திராத தாயே. நீ நிறுத்துனா எனக்குத் தெரிஞ்சுரும்..."

சீதாலெட்சுமி சுவரில் முகம் வைத்து அழுதுகொண்டிருந்தாள்.  வெரோனிகா மெதுவாகக் கையை உருவிக்கொண்டாள். பிறகு சுவர் உச்சியை இடமிருந்து வலமாகத் தடவினாள். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை. ஒரே ஒரு பானைதான் இருந்தது.

கன்னையா ஏன் காப்பி குடிக்கவில்லை என்று இப்போது புரிகிறதா? இறக்கும்போது ஒன்று கைதவறி உடைந்திருக்கிறது. சாமிப் பானை. சொன்னால் இரண்டு வீட்டிலும் கண்ணீர், முதலாளியிடம் ஏச்சு. இரண்டு அரிசியையும் மிச்சமிருந்த பானையில் ஒன்றாகக் கொட்டி, சுவருக்கு நடுவில் வைத்துவிட்டுப் போய்விட்டார். உடைந்தது எந்தச் சாமியின் பானை? அவருக்கே தெரியாது.

அரிசி டின் காலியான அன்றிலிருந்து சீதாலெட்சுமி போட்டாள், வெரோனிகா எடுத்தாள். அந்தப் பக்கம் நிரம்பாத பானை, இந்தப் பக்கம் காலியாகாத பானை. வெரோனிகா உரலைவிட்டு இறங்கி அதன்மேலேயே உட்கார்ந்தாள். ஊரார் கூழுக்குப் போகவேண்டிய மாரியம்மன் அரிசியை, அந்தோணியாரிடம் மன்னிப்புக் கேட்டு, இத்தனை நாளும் கஞ்சி காய்ச்சித் தின்றிருக்கிறோம். யாரிடம் போய்ப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வது?

[பந்தியில் பாயசம் வந்தது இங்கேதான். இனி நான் சொல்வதற்கெல்லாம் நானே பொறுப்பு.]

7

சற்று நேரத்தில் சீதாலெட்சுமியே வந்துவிட்டாள். நெற்றி நிறைய மஞ்சள், கண் சிவந்திருந்தது.

"வெரோனிகாக்கா, ஒங்ககிட்ட மட்டும் சொல்றேன். ஆத்தா என் கையப் புடிச்சா."

"அப்படியா?" வெரோனிகா தன் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "எப்படி இருந்துச்சு?"

"சொரசொரன்னு இருந்துச்சுக்கா. கெழங்கு புடுங்குற கை மாதிரி. பாவம், அவளுக்கும் வேல ஜாஸ்தி போல."

"இருக்கும், இருக்கும்."

"வெரல்ல ஒரு மோதிரம். தேஞ்சு போன மோதிரம்."

முந்தானைக்குள் வெரோனிகா தன் கல்யாண மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"சாமிக்கு மோதிரம் போடுவாங்கல்ல" என்றாள்.

"போடுவாங்க, போடுவாங்க." சீதாலெட்சுமி அவள் முகத்தைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், கவிழ்த்த உரலைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். முந்தானையை மட்டும் பார்க்கவில்லை. "ஒண்ணுதாங்க்கா மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு. அந்தக் கை ரொம்ப மெலிஞ்சு போயிருந்துச்சு. அதான், நாளையிலேருந்து கூட ஒரு புடி போடலாம்னு இருக்கேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவளுக்குத் தெரியுமா? இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதீர்கள். நான் எழுதும்போதே அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். எனக்குப் பிடிபடவில்லை. தெரிந்துகொண்டே போடுகிறாள் என்று எழுதினால் கருணை. தெரியாமல் போடுகிறாள் என்று எழுதினால் பக்தி. பானைக்குள் விழும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் விழுகிறது.

ஆனால் வெரோனிகாவின் சங்கடம் எனக்கு நன்றாகப் புரிகிறது. உண்மையைச் சொன்னால்: பானையில் இருப்பது நம் அரிசியில்லை, ஆகவே நம் பானை எப்போதோ காலி. ரபேல் வாக்கு மாறாதவர். கோட்டை மாட்டிக்கொண்டு போய்ப் பெயர் கொடுத்துவிடுவார். கப்பல், அண்ணன், முழுச் சோறு. அவள் ஆசைப்பட்டது எல்லாம். ஆனால் அவள் எடுப்பதை நிறுத்திய அடுத்த வாரமே பானை நிரம்பி வழியும். ஆத்தா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள் என்று சீதாலெட்சுமி தெரிந்துகொள்வாள். தம்புசாமியின் வேலை நிலைக்கிறதோ இல்லையோ, அந்தப் பெண் அன்றிலிருந்து தூங்கமாட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரியின் நம்பிக்கை குலையாமல் இருக்கவேண்டுமானால் இவள் சாப்பிட்டுக்கொண்டே இருக்கவேண்டும்! இதைவிட விசித்திரமான பொறுப்பு என் எந்தக் கதாபாத்திரத்துக்கும் வந்ததில்லை.

8

சனிக்கிழமை காலை. ஆபீஸ் மதியத்தோடு மூடிவிடும்.

கதையை நேராக முடிவுக்குக் கொண்டுபோகலாம் என்று உட்கார்ந்தேன். அப்போதுதான் தெருமுனையில் கன்னையா வருவது தெரிந்தது. நான் அவரை அழைக்கவில்லை. பெயர் வைத்துவிட்டாலே இதுதான் தொல்லை, கூப்பிடாமல் வந்துவிடுவார்கள். கக்கத்தில் ஒரு புதுப் பானை. மனசாட்சி உறுத்தியிருக்கிறது போல. வந்து, உண்மையைச் சொல்லி, இரண்டாவது பானையைச் சுவர்மேல் வைத்துவிட்டால் தீர்ந்தது. ஒரு பானை நிரம்பும், ஒரு பானை காலியாகும், இரண்டு வீட்டிலும் அதிசயம் முடிந்துவிடும்.

வாசலில் ரபேல் எழுந்து நின்றார்.

"என்ன கன்னையா, இந்தப் பக்கம்?"

"அண்ணே... அன்னைக்கி வெள்ளையடிச்சப்ப..."  கன்னையா பானையை நீட்டினார். "ஒங்க அடுப்படிச் செவுத்து மேல இத வச்சிரலாம்னு..."

ரபேல் பானையை வாங்கினார். சுண்டிப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"நல்ல பானை. செவுத்துலதான் ஏற்கெனவே ஒண்ணு இருக்கே. போதும்."

"அதுக்கில்லண்ணே, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"இங்கதான் ஒண்ணு இல்லாம இருந்துச்சு" என்று சொல்லி, ரபேல் அந்தப் பானையில் தண்ணீர் ஊற்றி, முக்காலிக்கு முன்னால் மண்ணில் பதித்து வைத்தார். மைனா ஒன்று இறங்கி விளிம்பில் உட்கார்ந்தது. "பாத்தியா, அதுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்திருக்கு. உள்ள வா, காப்பி இல்ல, கஞ்சி இருக்கு."

கன்னையா இந்தத் தடவை உட்கார்ந்து குடித்துவிட்டுப் போனார்.

கதவு இடுக்கில் நின்று வெரோனிகா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நாள் முழுவதும் வீட்டிலேயே இருக்கிற ஆள். வெள்ளையடித்த அன்றும் வீட்டில்தான் இருந்தார். அன்று புனித வெள்ளிக்கு முந்தின நாள் என்று பட்டறைக்கு லீவு போட்டிருந்தார். பானை உடைந்த சத்தம் இவர் காதில் விழாமலா இருக்கும்? விழுந்திருந்தால், பானை காலியானால் பெயர் கொடுக்கிறேன் என்று சத்தியம் செய்தாரே, அது நம்பிக்கையா, திருட்டுத்தனமா?

"ரபேல், உங்களுக்குத் தெரியுமா?" என்று நானும் கேட்டேன்.

"சத்தம் போடாதீங்கண்ணே. தண்ணி குடிக்குது" என்றார்.

9

முடிவுகள்.

லியனார்ட் மலருக்கு: ரபேலுக்குப் பட்டறையிலிருந்து திரும்ப வேலைக்கு ஆள் வருகிறது. அந்தோணியார் திருநாளன்று ரபேலே பந்தியில் முதல் கரண்டிச் சோறு பரிமாறுகிறார். வெரோனிகா சிலுவை போட்டுக்கொள்கிறாள்.

ராதாகிருஷ்ணன் மலருக்கு: ஆள்குறைப்பில் தம்புசாமி தப்பிக்கிறார். ஆடி வெள்ளியன்று கூழ்ப் பானை குறையவே இல்லை. சீதாலெட்சுமி கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள்.

என் பழைய வாசகர்களுக்கு: பானையைக் கவிழ்த்தால் அரிசிக்கு அடியில் ஒரு கைத்துப்பாக்கி

இல்லை, விடுங்கள்.

மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் யாரோ ஒருவர் சுவருக்கு அந்தப் பக்கம் விடுபட்டுப்போகிறார். லியனார்டுக்கு எழுதினால் சீதாலெட்சுமி, ராதாகிருஷ்ணனுக்கு எழுதினால் வெரோனிகா. அப்படியானால் இரண்டு மலரிலும் இதே கதையை, இதே எழுத்தில், முடிவில்லாமல்தான் கொடுக்கவேண்டும். இருவரும் திட்டுவார்கள். சோற்றுக்கு என்ன செய்வேன் என்றா கேட்கிறீர்கள்? இத்தனை பக்கம் எழுதிவிட்டு அந்தக் கவலையை நானே பட்டால் நன்றாகவா இருக்கும்!

10

கடைசிக் காட்சி. இதற்கு மேல் நான் எழுதவில்லை.

ரபேல் கோட்டை மாட்டிக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார். தலையைப் படிய வாரியிருந்தார். முகத்தில் கள்ளமும் இல்லை, கலக்கமும் இல்லை.

"நேரமாச்சு வெரோனிகா. நீ என்ன சொல்றியோ அப்படி. பாத்துச் சொல்லு, பானை காலியா, இல்லையா?"

வெரோனிகா உரல்மேல் ஏறினாள். ஏறுவதற்கு முன் முறத்திலிருந்து எதையோ எடுத்து மடியில் முடிந்துகொண்டதை ரபேல் கவனித்தாரா, தெரியாது. கையைப் பானைக்குள் விட்டாள். சீதாலெட்சுமி வாக்குத் தவறவில்லை, இன்றைக்குக் கூட ஒரு பிடி இருந்தது. அரிசி மணிக்கட்டைத் தாண்டி ஏறியது. அடி தட்டவேண்டும் என்று இத்தனை நாள் துழாவிய கை, இன்று துழாவாமல் அப்படியே கிடந்தது. அந்தப் பக்கம் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

பிறகு மடியை அவிழ்த்தாள். அன்று காலை பிடுங்கி மண் போகக் கழுவிய மரவள்ளிக் கிழங்கு ஒன்று. நல்ல கனமானது. அதை அரிசிக்குள் பதித்து, மேலே அரிசியை மூடினாள். அந்தப் பானையில் அவள் கடைசியாக எதையாவது போட்டது எப்போது என்று அவளுக்கே நினைவில்லை.

"சொல்லு வெரோனிகா."

அவள் கையை உதறிவிட்டுத் திரும்பி, கணவனை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"........................................................"

இடம் விட்டிருக்கிறேன். பென்சிலால் எழுதுங்கள். மலர் கைமாறும், அடுத்தவர் அழித்து எழுத வசதியாக இருக்கும்.

நீங்கள் எதை எழுதினாலும் ஒன்று மட்டும் மாறாது. கப்பலுக்குப் பெயர் கொடுத்திருந்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி, மறுநாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் தகரம் கிறீச்சிடும், வளையல் குலுங்கும், ஒரு கை பானைக்குள் இறங்கும். பிறகு வரிசை வீடு முழுவதற்கும் கேட்கிற மாதிரி ஒரு குரல் வரும்:

"என்னங்க, இங்க ஓடியாங்க! ஆத்தா கெழங்கு குடுத்திருக்கா!"